முதுமையும் முடியாட்சியும்: பதினான்காம் லூயியின் மெழுகு முகம்

அந்துவான் பெனுவா 1705 வாக்கில் வண்ண மெழுகில் செய்த, பிரெஞ்சு அரசர் பதினான்காம் லூயியின் பக்கவாட்டு முகப் புடைப்புருவம் வெர்சாய் அரண்மனைச் சேகரிப்பில் இருக்கிறது. 1638இல் பிறந்த அரசர் அப்போது அறுபதுகளின் பிற்பாதியில் இருந்தார். ஒன்பது வயதில் கண்ட அம்மையின் தழும்பு, தளர்ந்த கன்னம், 1685இல் மேல்தாடைப் பற்களைப் பிடுங்கியபின் உள்வாங்கிப்போன வாய் ஆகிய யாவும் அதில் பதிந்துள்ளன. கண் கண்ணாடியால் ஆனது. பொய்முடி உண்மையான மயிர். ஆடையும் உண்மையான துணி. அரசவை ஓவியர்கள் மறைத்த உண்மையை மெழுகு காட்டிக்கொடுத்துவிட்டது என்றே இதை வழக்கமாக விளக்குகிறார்கள். கவர்ச்சியான விளக்கம்தான், ஆனால் சான்றுகளுக்குப் பொருந்தவில்லை. முதுமையைக் காட்டுவதே இங்கு அரச மாட்சியைக் காட்டும் வழியாக இருந்தது என்பதே என் வாதம்.

இது முகத்தின் மேல் அச்செடுத்து வார்த்தது, ஆகவே இதில் கலைஞனின் நோக்கத்தைத் தேடுவது வீண் என்று மறுக்கலாம். மெழுகு தோலின் நுண்துளையைக்கூட ஏற்கும் என்பது உண்மை. ஆயினும், உயிருள்ளவர் முகத்தில் சாந்து பூசி அச்செடுக்கும்போது கண்களை மூடியே ஆக வேண்டும். சாந்தின் எடையில் தசையும் அழுந்தும். பெனுவாவின் லூயியோ விழித்திருக்கிறார். இமைகளைத் திறந்து செதுக்கியதும், கண்ணாடி விழியைப் பொருத்தியதும், தோலுக்கு நிறமேற்றியதும் கை செய்த வேலை. அச்சு பயன்பட்டிருந்தாலும், அதில் விழுந்த தழும்பை விரலால் தடவி அழிப்பதற்கு அதிக நேரம் ஆகாது. அழிக்காமல் விட்டதும் ஒரு முடிவே. பக்கவாட்டு முகத்தைத் தேர்ந்ததும் அப்படித்தான்: அது நாணயத்துக்கும் பதக்கத்துக்கும் உரிய வடிவம். அரசரின் ஆட்சி நிகழ்வுகளைப் பதக்கங்களாக வரிசைப்படுத்திய பெருநூல் 1702இல் வெளிவந்திருந்தது. உலோகத்தில் கண்டு பழகிய அந்த வடிவத்துக்குள் பெனுவா தோலையும் மயிரையும் கொண்டுவந்தார்.

மெழுகுருவம் அந்தரங்கப் பொருள், ஓவியர் ரிகோ 1701இல் தீட்டிய முடிசூட்டு உடை ஓவியமே பொதுமுகம் என்பது இன்னொரு மறுப்பு, இதுவே வலுவானது. ஆனால் பெனுவாவின் மெழுகு ஒருபோதும் மறைவில் இருந்ததில்லை. அரசவையினரின் மெழுகு உருவங்களைக் காட்சிக்கு வைக்கும் உரிமையை 1668இல் அரசரே அவருக்கு வழங்கினார்; பாரிஸ் மக்கள் காசு கொடுத்து அவற்றைப் பார்த்தார்கள். எழுத்தாளர் லா ப்ருயேர் அந்தக் காட்சியைப் பொம்மலாட்டம் என்று எள்ளினார். அந்த எள்ளலே அதன் புகழுக்குச் சான்று. புடைப்புருவத்துக்கு அடுத்தபடியாக, 1706இல், பெனுவாவுக்குப் பிரபுப் பட்டம் கிடைத்தது. பட்டம் வேறு பணிகளுக்காகவும் வந்திருக்கலாம், அதைக் கொண்டு மட்டும் எதையும் நிறுவ முடியாது. ஆனால் தன்னை இழிவுபடுத்தியதாகக் கருதிய ஒருவரை அரசர் அப்படி உயர்த்தியிருப்பாரா? மேலும், அரசரின் முகத்தை வயது வரிசையில் சிற்றோவியங்களாகத் தீட்டியவரும் இதே பெனுவாதான். அந்த வரிசையோடு வைத்துப் பார்த்தால் தளர்ந்த கன்னம் குறையாகத் தோன்றாது. 1643இல், ஐந்து வயது நிறையுமுன் அரியணை ஏறி, அறுபதாண்டுக்கு மேல் ஆண்ட ஒருவரின் ஆட்சிக்கு அதுவே கணக்கு. ரிகோவின் ஓவியத்தையும் கூர்ந்து பார்க்க வேண்டும்: அங்கும் முகம் முதியவருடையதே, உள்வாங்கிய வாயோடு. இளமை கால்களில் மட்டுமே இருக்கிறது. பொய் ஓவியம், மெய் மெழுகு என்ற எதிர்நிலை இவ்விடத்தில் குலைந்துவிடுகிறது.

மெழுகுக்கும் பிரெஞ்சு முடியாட்சிக்கும் அதற்கு முன்பே ஆழமான உறவு உண்டு. இறந்த அரசருக்கு மெழுகு முகம் வைத்த உருவம் செய்து, அரச உடை அணிவித்து, உயிருள்ளவருக்குப் போல உணவு படைக்கும் சடங்கு நெடுங்காலம் நடந்தது. மனிதன் சாவான், அரசன் சாவதில்லை என்ற கொள்கைக்கு அவ்வுருவம் உடல் கொடுத்தது. வரலாற்றாசிரியர் கான்டரோவிட்ஸின் 1957ஆம் ஆண்டு நூலுக்குப் பின் இது ஆய்வுலகில் நன்கு அறியப்பட்டது. அந்தச் சடங்கு நான்காம் ஹென்றிக்காக 1610இல் கடைசியாக நடந்தது. 1643இல் பதின்மூன்றாம் லூயி இறந்தபோது அத்தகைய உருவம் வைக்கப்படவில்லை. சாவோடு பிணைந்திருந்த அந்தப் பொருளில்தான் பெனுவா, அம்மைத் தழும்போடும் திறந்த விழியோடும், இன்னும் 1715வரை ஆளவிருந்த ஒருவரைச் செய்தார்.