அடிராண்டாக் நாற்காலி

அடிராண்டாக் நாற்காலி என்பது வீட்டு முற்றத்திலும் புல்வெளியிலும் ஏரிக்கரையிலும் போட்டு உட்காரும் மரச் சாய்வு நாற்காலி. அமெரிக்காவில் நியூயார்க் மாநிலத்தின் வடகிழக்கே உள்ள அடிராண்டாக் மலைகளின் பெயரால் வழங்குகிறது. தொடக்கத்தில் இதற்கு இருந்த பெயர் வெஸ்ட்போர்ட் நாற்காலி.

வெஸ்ட்போர்ட், சாம்ப்ளேன் ஏரியின் மேற்குக் கரையில் உள்ள சிற்றூர். அங்கே கோடைக்காலத்தைக் கழித்துவந்த தாமஸ் லீ, வெளியில் உட்காரத் தோதான நாற்காலி எதுவும் அமையாததால் 1903-இல் தாமே செய்யத் தொடங்கினார். ஒவ்வொன்றாகச் செய்து, வீட்டாரை உட்காரவைத்துப் பார்த்து, சாய்வைக் கூட்டியும் குறைத்தும் திருத்தினார். இறுதியில் நின்ற வடிவத்துக்கு 11 மரத்துண்டுகளே போதும். எல்லாவற்றையும் ஒரே பலகையிலிருந்து அறுத்துவிடலாம்.

லீக்குத் தெரிந்த தச்சர் ஹாரி பன்னெல். கோடை விருந்தினர் ஊர் திரும்பியபின் குளிர்காலத்தில் வேலையில்லாமல் இருந்தவருக்கு லீ இந்த வடிவத்தைக் கொடுத்தார். பன்னெல் 1904-இல், லீயிடம் ஒரு வார்த்தை கேட்காமலே என்கிறார்கள், தம் பெயரில் விண்ணப்பித்து, 1905 ஜூலையில் காப்புரிமை பெற்றார். அதன் எண் 794,777. பிறகு ஏறக்குறைய இருபது ஆண்டுகள் ஹெம்லாக், பாஸ்வுட் மரங்களில் செய்து, பச்சை அல்லது பழுப்புச் சாயமேற்றி விற்றார். காப்புரிமை ஆவணம் இதை 'பங்களா வகை' நாற்காலி என்கிறது. வங்காளத்து வீட்டின் பெயர் கப்பலேறி அந்த மலையூர் வரை போயிருக்கிறது.

நோயாளிகளுக்கான நாற்காலியாகவும் இதை மாற்றிக்கொள்ளலாம் என்று அதே ஆவணம் சொல்கிறது. காரணம் பக்கத்திலேயே இருந்தது. அதே மலைகளில் உள்ள சாரனாக் லேக் என்ற ஊர், எட்வர்ட் ட்ரூடோ 1880-களில் நிறுவிய காசநோய் மருத்துவமனையால் பெயர்பெற்றது. பனி கொட்டும் மாதங்களிலும் திறந்த தாழ்வாரத்தில் சாய்ந்து கிடப்பதே அன்று அங்கே சிகிச்சையாக இருந்தது.

இன்று பலரும் நினைக்கும் வடிவம் பன்னெல் செய்ததன்று. அவருடைய நாற்காலியின் முதுகுப்பகுதி அகலப் பலகைகளால் ஆனது. குறுகிய சட்டங்களை விசிறிபோல் விரித்து, மேல்விளிம்பை வளைவாக அறுத்த முதுகுக்கு 1938-இல் காப்புரிமை பெற்றவர் நியூஜெர்சிக்காரர் இர்விங் வோல்பின். சட்டங்களுக்கு இடையே மழைநீர் வடிந்துவிடும் என்பதால் வெளியிலேயே போட்டுவைக்க இது ஏற்றது.

இருக்கையைத் தாங்கும் பக்கச் சட்டங்களே பின்னோக்கிச் சரிந்து தரையைத் தொட்டுப் பின்கால்களாகிவிடுகின்றன. தனியாகப் பின்கால் தேவையில்லை. இந்த வடிவமைப்பின் சாமர்த்தியம் அங்கேதான் இருக்கிறது. உடல் எடை இடுப்பின் மேலேயே குவியாமல் முதுகுக்கும் பகிரப்படுவதால் மெத்தையும் வேண்டியதில்லை. கைப்பலகை ஒரு கோப்பையையும் புத்தகத்தையும் வைக்கும் அளவுக்கு அகலமானது. எழுந்திருப்பதுதான் பாடு: முழங்கால் இருக்கையைவிட உயர்ந்து நிற்பதால், வயதானவர்கள் அந்தக் கைப்பலகைகளை அழுத்தி ஊன்றித்தான் எழ வேண்டும்.

கனடாவின் ஒன்டாரியோவில் இதே நாற்காலிக்கு மஸ்கோகா நாற்காலி என்று பெயர். அங்குள்ள ஏரிப் பகுதி ஒன்றின் பெயர் அது. மறுசுழற்சி செய்த பிளாஸ்டிக் பலகைகளிலும் இப்போது செய்கிறார்கள். அவை உளுப்பதில்லை, சாயமும் கேட்பதில்லை. ஆனால் மரத்தைவிடக் கனம்.