நண்டு டப்பா ஏற்றுமதி

அதிராம்பட்டினம் உள்ளிட்ட பாக் நீரிணைக் கரையோரத்தில் வலைப்படும் நீலக்கால் நண்டின் சதையை டப்பாவில் அடைத்து, முக்கியமாக அமெரிக்காவுக்கு அனுப்பும் வணிகம். வேகவைத்த நண்டிலிருந்து சதை சிதையாமல் எடுப்பது பெரும்பாலும் பெண்களின் கைவேலை; சரக்கின் தரமே அதில்தான் இருக்கிறது, அதற்குரிய மதிப்பு இன்னும் கிடைக்கவில்லை.

வெளித்தோற்றத்தில் ஒன்றுபோல் இருந்தாலும் டப்பாக்கள் இருவகை. பாஸ்டர் முறையில் சூடாக்கிய நண்டுச்சதையில் பாட்டுலிசம் நச்சை உண்டாக்கும் நுண்ணுயிரின் வித்துகள் முழுமையாக அழிவதில்லை, ஆகவே 3.3 பாகை செல்சியஸுக்கு மேல் போகாத குளிரிலேயே கப்பலேற வேண்டும். வெளியில் வைத்தாலும் கெடாத டப்பாவை அழுத்தக் கலனில் ஏறத்தாழ 121 பாகையில் வேகவைக்கிறார்கள். கார அமில அளவு 4.6-ஐத் தாண்டும் இத்தகைய உணவுக்கு, ஆலையையும் ஒவ்வொரு பொருளின் வெப்ப முறையையும் அமெரிக்க உணவு, மருந்து நிர்வாகத்திடம் பதிய வேண்டும். 1971-இல் அங்கே டப்பா சூப் குடித்த ஒருவர் பாட்டுலிசத்தால் இறந்த பிறகு விதிகள் இறுகின. அந்தக் கண்டிப்பு நியாயமானதே.

இந்தியாவில் கடல் உணவு ஏற்றுமதியை வளர்ப்பது 1972-இல் கொச்சியில் அமைந்த கடல்பொருள் ஏற்றுமதி மேம்பாட்டு ஆணையம். ஆலைகளுக்கு ஒப்புதல் தருவது ஏற்றுமதி ஆய்வு மன்றம்.