பாஸ்புக்கில் இரண்டாவது பெயர்: பெற்றோர் – பிள்ளை கூட்டுக் கணக்கின் சட்ட வரலாறு

1854-இல், இந்திய வழக்குகளுக்கு அன்று இறுதி மேல்முறையீட்டு மன்றமாக இருந்த லண்டன் பிரிவி கவுன்சில் வங்காளத்துக் குடும்பம் ஒன்றின் வழக்கைத் தீர்த்தது. தந்தை தன் பணத்தைப் போட்டு மகன் பெயரில் சொத்து வாங்கியிருந்தார். இங்கிலாந்தில் இப்படி வாங்கினால் அது மகனுக்குத் தந்த கொடை என்றே முதலில் கொள்வார்கள்; இல்லை என்பவர்தான் நிரூபிக்க வேண்டும். கோபிகிருஷ்ட கோசாயின் வழக்கு என்று அறியப்படும் இதில், அந்த அனுமானம் இந்தியாவுக்குப் பொருந்தாது என்று முடிவானது. ஒருவர் பணத்தில் இன்னொருவர் பெயரில் வாங்கி வைப்பது இங்கே குடும்பங்களின் வழக்கம். ஆகவே பெயர் யாருடையதானாலும் பணம் போட்டவரே உரியவர் என்று முதலில் கொள்ள வேண்டும் என்றது தீர்ப்பு. வழக்கு வங்கிக் கணக்கைப் பற்றியதல்ல. ஆனாலும் இன்று அம்மாவின் சேமிப்புக் கணக்கில் மகன் பெயரைச் சேர்க்கும்போது எழும் சிக்கலின் வேர் இங்கேதான் இருக்கிறது.

அடுத்த கண்ணி 1872-ஆம் ஆண்டின் ஒப்பந்தச் சட்டம். வங்கியில் போட்ட பணம் சட்டத்தின் பார்வையில் வங்கிக்குக் கொடுத்த கடன். இருவர் சேர்ந்து கொடுத்த கடனில் ஒருவர் இறந்தால், இங்கிலாந்துப் பொதுச் சட்டம் வசூலிக்கும் உரிமையை மற்றவரிடமே விட்டது. இந்தியச் சட்டத்தின் 45-ஆம் பிரிவு அதை ஏற்கவில்லை. இறந்தவரின் சட்டப் பிரதிநிதியும் உயிரோடிருப்பவரும் சேர்ந்தே கேட்க வேண்டும் என்றது. 5,000 ரூபாய்க் கடன் ஒன்றை அதற்கு உதாரணமாகவும் காட்டியது. வேறு ஏற்பாடு இல்லாவிட்டால், எஞ்சியவரிடம் மட்டும் பணத்தைக் கொடுத்துவிட்டு வங்கி நிம்மதியாக இருக்க முடியாது. அந்த ஏற்பாடுதான் கணக்குத் திறக்கும் படிவத்தில் இருவரும் கையெழுத்திடும் 'ஐதர் ஆர் சர்வைவர்' கட்டளை: இருவரில் யார் வேண்டுமானாலும் எடுக்கலாம், ஒருவர் போனால் மற்றவரிடம் கொடுக்கலாம். அது முதன்மையாக வங்கியைக் காக்கும் வாசகம். குடும்பங்கள் அதை உயில் போலப் படித்துக்கொண்டன.

அப்படிப் படிக்கலாமா என்ற கேள்விக்கு 1928-இல் குரன் தித்தா வழக்கில் விடை கிடைத்தது. கணவர் தன் பணத்தைத் தன் பெயரிலும் மனைவி பெயரிலும் இந்த நிபந்தனையோடு வைப்பாக வைத்துவிட்டு இறந்தார். அதனாலேயே அது மனைவிக்குக் கொடையாகிவிடாது என்றது பிரிவி கவுன்சில். கொடுக்கும் எண்ணம் இருந்ததற்குத் தனிச் சான்று வேண்டும். இல்லையேல் பணம் இறந்தவரின் சொத்தோடு சேரும். மனைவிக்கே இல்லாத சலுகை வளர்ந்த மகனுக்கு எங்கிருந்து வரும்?

இதில் ஒரு வேடிக்கையும் உண்டு. 2007-இல் கனடாவின் உச்ச நீதிமன்றம் பெக்கோர் வழக்கில், தந்தை தன் பணத்தைப் போட்டு வளர்ந்த மகளைக் கூட்டுக் கணக்கில் சேர்த்தால் அதைக் கொடை என்று முன்கூட்டியே கொள்ளக் கூடாது என்றது. முதிய பெற்றோர் பல நேரங்களில் வரவு செலவு பார்க்கும் உதவிக்காகவே பிள்ளையைச் சேர்க்கிறார்கள் என்பது அது சொன்ன காரணங்களில் ஒன்று. அந்த மகள் கொடைக்கான சான்றைக் காட்டியே வென்றாள். குடியேற்ற நாட்டு வழக்கம் என்று 1854-இல் தனியே ஒதுக்கப்பட்ட நிலைப்பாட்டுக்கே மேற்கத்திய நீதிமன்றம் ஒன்று தன் காரணங்களோடு வந்து சேர்ந்தது.

1969-இல் 14 வங்கிகள் நாட்டுடைமையானபின் கிளைகள் சிற்றூர்களுக்கும் வந்தன. இறந்தவரின் சிறு சேமிப்பைப் பெற வாரிசுகள் அலைவதும் பெருகியது. 1983-இல் வங்கிச் சட்டம் திருத்தப்பட்டு 1985 முதல் வைப்புகளுக்கு நாமினி நியமிக்கும் வசதி நடைமுறைக்கு வந்தது. இதற்கிடையே 1984-இல் சர்பதி தேவி வழக்கில் உச்ச நீதிமன்றம், ஆயுள் காப்பீட்டு நாமினி பணத்தைப் பெற்றுக்கொள்பவரே தவிர உரிமையாளர் அல்லர் என்றது. ராம் சந்தர் தல்வார் வழக்கில் 2010-இல் அதே கருத்து வங்கி வைப்புக்கும் உறுதியானது.

வங்கி பணத்தை யாரிடம் கொடுக்கலாம், அது யாருக்கு உரியது என்ற இரு கோடுகளையும் ரிசர்வ் வங்கியின் 2005 ஜூன் சுற்றறிக்கை ஒரே தாளில் கொண்டுவந்தது. சர்வைவர் வாசகம் உள்ள கணக்கில், நீதிமன்றத் தடை இல்லையென்றால், வாரிசுரிமைச் சான்றிதழ் கேட்காமல் எஞ்சியவரிடம் பணம் கொடுக்க வேண்டும். கூடவே, சட்டப்பூர்வ வாரிசுகளுக்காகப் பொறுப்பேற்றே அவர் அதைப் பெறுகிறார் என்பதையும் அவருக்குத் தெளிவுபடுத்த வேண்டும். முதல் பாதி கவுன்டரில் சுறுசுறுப்பாக நடக்கிறது. இரண்டாம் பாதி எந்த வீட்டில் சொல்லப்படுகிறது?

வெளிநாடு போன பிள்ளைகளுக்காக 2011-இல் விதிகள் தளர்ந்தன. வெளிநாட்டுவாழ் இந்தியர் தம் கணக்கில் ஊரிலுள்ள நெருங்கிய உறவினரை 'ஃபார்மர் ஆர் சர்வைவர்' முறையில் சேர்க்கலாம். முதல் பெயர்க்காரர் இருக்கும்வரை இயக்கும் உரிமை பொதுவாக அவருக்கே. உள்ளூர்ப் பெற்றோருக்கும் இந்த முறை கிடைக்கும். உதவி தேவைப்படாத காலம்வரை இதுவே பாதுகாப்பானது என்பது என் கருத்து. நடக்க முடியாமல் படுத்துவிட்டவருக்கு மட்டும் இது உதவாது. மத்திய அரசு ஓய்வூதியக் கணக்கோ இன்னும் கறார்: கூட்டாகச் சேரக்கூடியவர் கணவரோ மனைவியோதான், பிள்ளையல்ல.

2025 நவம்பர் 1 முதல் ஒரு கணக்குக்கு நான்கு நாமினிகள் வரை வைக்கலாம், பங்கும் பிரித்துக் குறிக்கலாம். ஆனால் கூட்டுக் கணக்கில் நாமினியின் முறை, கணக்கின் எல்லாப் பெயர்க்காரர்களும் இறந்த பிறகே வருகிறது. மனக்கசப்பு வேண்டாம் என்று மகனைக் கூட்டாகவும் மகளை நாமினியாகவும் போடும் பெற்றோர் பலர் இதை அறிவதில்லை. அம்மா இறந்த பின் வங்கி மகனிடம் பணத்தைக் கொடுக்கும். மகளின் பெயரைத் தேடாது. அவள் தன் பங்கைக் கேட்க வேண்டியது நாமினியாக அல்ல, வாரிசாக. வங்கியிடம் அல்ல, அண்ணனிடம். அவன் மறுத்தால் உரிமையியல் நீதிமன்றத்தில்.