மேலே நின்ற பத்து கீழே இறங்கிய கதை



சில வருடங்களுக்கு முன் எங்கள் வானொலியில் சேமிப்புப் பற்றி ஒரு பேச்சு. எழுதியவன் நான், வாசித்தவர் இன்னொருவர். ஆயிரம் டொலரை ஐந்து வீதக் கூட்டுவட்டியில் பத்து வருடம் விட்டால் என்ன வரும் என்பதற்கு 1000 × 1.05¹⁰ என்று எழுதி மின்னஞ்சலில் அனுப்பினேன். போன வழியில் சுட்டி கீழே இறங்கி 1.0510 ஆகிவிட்டது. அவரும் அதை அப்படியே பெருக்கி 1051 டொலர் என்று வாசித்துவிட்டார். நிகழ்ச்சி முடிய முதலே ஒரு பெரியவர் தொலைபேசியில் வந்தார். "தம்பி, எளிய வட்டிக்கே ஐந்நூறு வருமே, நீங்கள் ஐம்பத்தொண்டு எண்டு சொல்லுறியள்?" சரியான விடை கிட்டத்தட்ட 1629.

இந்த வில்லங்கத்துக்கு வயது அதிகம். அச்சுக்கோப்பவர் சுட்டியைச் சிறிதாக்கி மேலே வைப்பார். கணினிக்கு எழுதியவர்களுக்கோ எல்லா எழுத்தும் ஒரே மட்டத்தில்தான். 1957இல் வந்த ஐபிஎம்மின் ஃபோர்ட்ரான் மொழி இரண்டு நட்சத்திரக் குறிகளைப் போட்டுச் சமாளித்தது. அல்கோல் 60 மேல்நோக்கிய அம்பை வைத்தது. 1963இன் ஆஸ்கி எழுத்துத் தொகுதியிலும் அந்த அம்பு இருந்தது. 1967இல் அதை எடுத்துவிட்டு அதே இடத்தில் ^ என்ற கூரைக்குறியை வைத்தார்கள். பலர் கூரையையே அம்பாகப் பாவித்தார்கள். ஆனால் 1970களில் வந்த சி மொழி அதற்கு வேறு வேலை கொடுத்தது: இரண்டு எண்களின் இரும இலக்கங்களை ஒப்பிட்டு, வேறுபடும் இடத்தில் மட்டும் 1 போடுவது.

இந்தப் பிரிவினை இன்றைய திறந்தமூலத் தரவுத்தளங்களிலும் உண்டு. 2 ^ 3 என்று போஸ்ட்கிரெஸ்கியூஎல்லிடம் கேட்டால் 8. மைஎஸ்கியூஎல்லிடம் கேட்டால் 1. இன்னொன்று: 2 ^ 3 ^ 3. பள்ளிக்கூடக் கணக்கின்படி வலப்பக்கம் முதலில், விடை 134217728. போஸ்ட்கிரெஸ்கியூஎல் இடமிருந்து வலமாகப் போய் 512 என்கிறது. (நாங்கள் தினமும் பாவிக்கும் எக்செலும் அப்படித்தான், எத்தனை கணக்காளருக்குத் தெரியுமோ!) அதன் கையேடு இதை ஒளிக்காமல் சொல்லி, அடைப்புக்குறியுடன் உதாரணமும் காட்டுகிறது.

ஆகவே கையேட்டில் ஒரு சூத்திரம் பிழையாக நின்றால் அது வெறும் எழுத்துப்பிழை அல்ல. முழுஎண் ஒன்றின் உச்சம் 2³¹ − 1, அதாவது 2147483647. சுட்டி விழுந்தால் 230! இதை யாரும் கண்டுபிடிப்பார்கள். 1051 போன்ற நம்பக்கூடிய பிழைதான் ஆபத்து. அத்தகைய கையேட்டை வாசிப்பவர் பிழையை அறிவிக்கலாம். திருத்தினால் யார், எப்போது, எதை மாற்றினார் என்பது பதிவாகிறது. பேரேட்டில் சுரண்டி அழிக்காமல் பொது நாளேட்டில் திருத்தப் பதிவு போடப் படித்த எனக்கு இது மிகவும் பிடித்த வழக்கம்.

எங்கள் திருத்தம் அடுத்த கிழமை ஒலிபரப்பானது. இம்முறை சூத்திரமே இல்லை. "1.05ஐப் பத்துத் தரம் எழுதி, எல்லாவற்றையும் பெருக்குங்கள்" என்று நானே வாசித்தேன்.