குதிரைவழி நூலகமும் மலைநாட்டுச் சிறுவரும்

அமெரிக்க ஐக்கிய நாடுகளுள் ஒன்றாகிய கெண்டக்கியின் கிழக்குப் பகுதி, அப்பலாச்சிய மலைத்தொடரைச் சார்ந்தது. 1930ஆம் ஆண்டளவில் அப்பகுதி மக்களுள் ஏறத்தாழ நூற்றுக்கு 31 பேர் எழுத்தறியாதார். வண்டிப்பாதையற்ற பல சிற்றூர்களுக்கு ஓடைப்படுகைகளே வழிகளாயின. அத்தகைய நாட்டில் சிறுவர் கைக்கு நூல்கள் சென்றெய்திய முயற்சி எதனால் நிலைபெற்றது, எதனால் நின்றொழிந்தது என ஆராய்வதே எம் நோக்கமாகும்.

முதன்முதல் 1913இல் பெயிண்ட்ஸ்வில் என்னும் ஊரில் மே ஸ்டாஃபோர்டு என்னும் பெண்மணி குதிரைவழி நூலகம் ஒன்றைத் தொடங்கினார். நிலக்கரிச் செல்வர் சான் மேயோ அதற்குப் பொருளுதவினார். 1914இல் அவர் மறையவே நூலகமும் மறைந்தது. ஒருவர் கொடையை மட்டும் பற்றி நிற்கும் பணி அவரோடு முடியும் என்பதற்கு இஃது ஒரு சான்றாம்.

இருபது ஆண்டுகளின் பின், லெஸ்லி மாவட்டத்துச் சமயகுரு ஒருவர், சுமந்து செல்வோர்க்கு அரசு ஊதியம் அளிப்பின் தம் நூல்களைத் தருவதாக முன்வந்தார். இவ்வுடன்பாடே பின்னர் எழுந்த திட்டத்தின் கருவாயிற்று. வேலையற்றோர்க்குத் தொழிலளிக்க 1935இல் நடுவணரசு நிறுவிய துறை, திங்கள்தோறும் 28 டாலர் ஊதியம் தந்தது. நூல் வாங்கப் பொருள் தரவில்லை. பெரும்பாலும் பெண்டிராகிய நூலகப் பணியாளர் குதிரையையோ கோவேறு கழுதையையோ தாமே தேடிக்கொண்டனர். நூல்களோ முற்றும் மக்கள் கொடையே. பெற்றோர் ஆசிரியர் சங்கத்தினர் தலைக்கு ஒரு சென்ட் வீதம் திரட்டி உதவினர்.

நூல்கள் குறைந்தவிடத்துப் பணியாளர் நூல்களை ஆக்கவும் செய்தனர் என்பது ஈண்டுச் சிறப்பாகக் கருதத்தக்கது. கிழிந்த இதழ்களின் படங்களையும் கதைகளையும், மலைநாட்டுப் பெண்டிர் தந்த சமையற் குறிப்புகளையும் ஒட்டுத்துணிப் போர்வைக் கோலங்களையும் ஒட்டித் தொகுப்பேடுகளாக்கி ஊர்தோறும் வழங்கினர். ஏடுகள் மடிந்து கெடாதிருக்கப் பழைய கிறித்துமசு வாழ்த்தட்டைகளை இடையில் வைக்கத் தந்தனர். படமிகுந்த நூல்களே பெரிதும் விரும்பப்பட்டன. எழுத்தறியாத முதியோர் தம் மக்களைக் கொண்டு அவற்றைப் படிப்பித்துக் கேட்டனர். எனவே, சிறுவர்க்கெனச் சென்ற நூல் இல்லம் முழுமைக்கும் உரியதாயிற்று. நூலகமற்ற மலைப்பள்ளிகளும் இப்பணியாற் பயன்பெற்றன.

1943இல் அத்துறை கலைக்கப்பட்டது. ஊதியம் நிற்கவே குதிரைகளும் நின்றன. நூல்கள் இருந்தன, கொடுக்கும் மனமும் இருந்தது, சுமந்து செல்வார் இலர். 1950களில் ஊர்தி நூலகங்கள் வருமளவும் பல சிற்றூர்கள் நூலின்றியே இருந்தன.

ஆதலின், மக்கள் முயற்சி அரசின் கடமைக்கு ஈடாகாது. அரசின் பொருளும் மக்கள் முயற்சிக்கு ஈடாகாது என்பதே எம் துணிபு. ஊதியம் மட்டும் இருந்திருப்பின் குதிரைமேல் வெறும் பையே சென்றிருக்கும். நூல்கள் மட்டும் இருந்தமையின் அவை ஊர்ப்புறத்தே தங்கிவிட்டன. இவ்விரண்டும் ஒருங்கு நின்ற காலம் எட்டாண்டுகளே. அக்குறுகிய காலத்துள் எழுத்தறிந்த சிறுவர், தம் இல்லத்து முதியோர்க்கு ஆசிரியராயினர். இப்பணியின் பயனை அளக்க வழங்கிய நூல்களின் தொகையினும் இதுவே தக்க அளவுகோல் என்க.