கோட்டைச் சுவரும் 443ஆம் வாசலும்

ஆம்பூரில் சிறிய அளவில் ஷூ தைத்து ஏற்றுமதி செய்யும் பாய் ஒருவர் போன் செய்தார். "தம்பி, நம்ம வெப்சைட்டைத் திறந்தா சூதாட்ட சைட்டுக்குப் போகுது. நாளைக்கு ஜெர்மன்காரன் பார்ப்பான். ஃபயர்வால் போட்டாச்சுன்னு சொன்னீங்களே?"

போட்டது நான்தான். அன்றிரவு லாக் பார்க்கும்போது வேலூர்க் கோட்டை ஞாபகம் வந்தது.

16ஆம் நூற்றாண்டுக் கருங்கல் சுவர், சுற்றிலும் அகழி. ஆனால் 1806 ஜூலை 10 விடியலுக்கு முன் யாரும் அந்த அகழியைத் தாண்டி வரவில்லை. உள்ளே காவலுக்கு வைத்திருந்த சிப்பாய்களே எழுந்தார்கள். சாதிக்குறி, தாடி மீதான கட்டுப்பாடுகள், தோல் சின்னம் வைத்த புதிய தலைப்பாகை என்று கம்பெனியின் உத்தரவுகள்தான் உடனடிக் காரணம். நமக்கு அது விடுதலையின் முன்னோடி. சுவரை நம்பிய கம்பெனிக்கோ வேறு பாடம். ஆற்காட்டிலிருந்து குதிரைப்படையோடு வந்த கில்லெஸ்பி, தன் பக்கத்துக் கோட்டையின் கதவையே பீரங்கியால் உடைக்க வேண்டியிருந்தது. பிறகு நூற்றுக்கணக்கான சிப்பாய்கள் கொல்லப்பட்டார்கள்.

ஃபயர்வாலும் சுவர்தான். 1988 நவம்பர் 2 அன்று மோரிஸ் வார்ம் ஆயிரக்கணக்கான கணினிகளை முடக்கிய பிறகு அதன் அவசியம் பரவலாக உணரப்பட்டது. தொடக்ககால ஃபயர்வால்கள் பாக்கெட் எந்த முகவரியிலிருந்து வருகிறது, எந்த போர்ட்டுக்குப் போகிறது என்றுதான் பார்த்தன. மூட்டைக்குள் என்ன என்று பிரித்துப் பார்க்கவில்லை. வெளி ஓடு மட்டும் கெட்டியாக இருந்தால் போதாது என்று பெல் லேப்ஸின் வில்லியம் செஸ்விக் 1990லேயே எழுதிவிட்டார்.

வெப்சைட்டுக்கு 443ஆம் போர்ட் திறந்தே இருக்கணும். மூடினால் கடையே இல்லை. 1998 வாக்கில் எஸ்க்யூஎல் இன்ஜெக்ஷன் வெளிச்சத்துக்கு வந்தபோது, படிவத்தில் எழுதும் ஒரு வரியே ஆயுதமாகும் என்று புரிந்தது. 2002ல் இவான் ரிஸ்டிச் வெளியிட்ட மாட்செக்யூரிட்டி போன்ற வெப் அப்ளிகேஷன் ஃபயர்வால்கள் அதற்குப் பிறகு வந்தவை. அவை மூட்டையைப் பிரித்துப் பார்ப்பவை.

நான் போட்டது பழைய மாதிரிச் சுவர். பாயின் சைட்டில் இரண்டு வருஷமாக அப்டேட் செய்யாத ஒரு பிளகின் இருந்தது. வந்தவன் 443 வழியே, வாடிக்கையாளர் மாதிரியே வந்திருக்கிறான். சுவர் தன் வேலையைச் சரியாகத்தான் செய்தது. உள்ளே என்ன இருக்கிறது என்று பார்க்காதது நான்.

பழைய பேக்கப்பை ஏற்றினேன். பிளகினை அப்டேட் செய்து, பாஸ்வேர்டெல்லாம் மாற்றி, அட்மின் பக்கத்துக்கு ஓடிபி வைத்து, வெப் அப்ளிகேஷன் ஃபயர்வாலும் போட்டபோது விடிந்துவிட்டது.

"இனிமே வர மாட்டானே தம்பி?"

"வருவான் பாய். மாசம் ஒருக்கா உள்ளயும் பார்க்கணும்."