'ஆயிரத்தில் ஒருவ'னுக்குப் பின்னால் ஒரு வரலாறு

வரலாறு படித்தவனுக்கு சினிமா எதற்கு என்று கேட்டுவிடாதீர்கள், விஷயம் இருக்கிறது.

பி.ஆர்.பந்துலு இயக்கிய 'ஆயிரத்தில் ஒருவன்' 1965-இல் வந்தது. எம்.ஜி.ஆரும் ஜெயலலிதாவும் சேர்ந்து நடித்த முதல் படம். டூரிங் டாக்கீஸில் மணலைக் குவித்து உட்கார்ந்து எத்தனை தடவை பார்த்தேனோ, கணக்கே இல்லை. 2014 மார்ச்சில் அதை டிஜிட்டல் முறையில் புதுப்பித்து மறுபடி வெளியிட்டார்கள். சென்னையில் போய்ப் பார்த்தேன். நரைத்த தலைகளே அதிகம். ஆனாலும் வாத்தியார் திரையில் வந்ததும் விசில் காதைப் பிளந்தது. நானும் அடித்தேன், மறைப்பானேன்?

சின்ன வயதில் எனக்குக் கத்திச் சண்டைதான் படம். இந்த முறை வேறொன்று உறுத்தியது. கலகக்காரர்களுக்கு வைத்தியம் பார்த்த குற்றத்துக்காக மணிமாறனை அடிமையாக விற்கிறார்களே, இப்படியும் நடக்குமா?

நடந்திருக்கிறது ஐயா! படத்தின் மூலக்கரு, ராஃபேல் சபாட்டினி 1922-இல் வெளியிட்ட 'கேப்டன் பிளட்' நாவல். 1935-இல் அது ஹாலிவுட் படமாகவும் வந்தது. நாவலுக்கு அடிப்படை நிஜச் சம்பவம். 1685-இல் இங்கிலாந்து மன்னர் இரண்டாம் ஜேம்ஸை எதிர்த்து மான்மத் பிரபு கலகம் செய்து தோற்றார். பிடிபட்டவர்களில் பலர் தூக்கிலிடப்பட்டனர். சுமார் 800 பேர் மேற்கிந்தியத் தீவுகளுக்கு நாடு கடத்தப்பட்டனர். அவர்களில் ஒருவர் ஹென்றி பிட்மன், காயம்பட்டவர்களுக்குச் சிகிச்சை செய்த மருத்துவர். பார்படோஸ் தீவில் விற்கப்பட்ட அவர், 1687-இல் சிலரோடு படகில் தப்பினார். 1689-இல் தம் அனுபவத்தை நூலாக அச்சிட்டார்.

பிட்மனுக்கு விதித்த தண்டனை 10 ஆண்டு. அதே தீவின் கரும்புத் தோட்டங்களில் வதைபட்ட ஆப்பிரிக்கருக்கோ ஆயுள் முழுதும். பிள்ளைகளுக்கும் அதே கதி. தப்பியவர் கதை படமாயிற்று. தப்ப முடியாதவர் கதையை யார் எடுத்தார்கள்?

இது யாரோ அந்நியர் கதை என்றும் தள்ளிவிட முடியாது. 1834-இல் பிரிட்டிஷ் காலனிகளில் அடிமை முறை ஒழிக்கப்பட்டது. ஆனால் கரும்பு வெட்ட ஆள் வேண்டுமே! நம் ஜனங்களை ஒப்பந்தக் கூலிகளாகக் கப்பலேற்றினார்கள். 1860-இல் தென்னாப்பிரிக்காவின் நேட்டாலுக்கு அப்படிப் போன முதல் கப்பல் புறப்பட்டதே சென்னையிலிருந்துதான்.

மாணவர்களே, படம் மறுபடி வந்தால் தாராளமாகப் போய் விசில் அடியுங்கள். அப்படியே நூலகத்துப் பக்கமும் ஒரு நடை போய் வாருங்கள். அந்தக் கப்பல்களில் போனவர்களை மீட்க எந்த வாத்தியாரும் வரவில்லை.